மே மாதம் இல்லாதவன்

மணி அடித்தாயிற்று, கேள்வித்தாளைக் கொடுத்தாயிற்று, இனி மூன்று மணி நேரம் நான் நடக்க வேண்டும். உட்காரக் கூடாது, எதையும் படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. தேர்வு எழுதுகிறவர்களுக்காவது கேள்வி இருக்கிறது, கண்காணிக்க வந்த எனக்கு அதுவும் இல்லை. கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும், கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை வரைக்கும். மின்விசிறி மேலே கிரீச் கிரீச் என்று அனல் காற்றை இறைக்கிறது. ஏப்ரல் கடைசி, வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி முதல் வரிசைப் பையன்களின் முதுகுக்கு வந்துவிட்டது. மேஜை மேல் என் பை. பைக்குள் தயிர் சாதம், தண்ணீர் பாட்டில், அவற்றின் மேல் கண்ணாடித்தாள் பிரிக்காத ஒரு பொன்னாடை. அரக்குச் சிவப்பு, அகலச் சரிகை. பரீட்சை முடிந்ததும் நான் அதை எடுத்துக்கொண்டு கீழே பொருளாதாரத் துறைக்குப் போக வேண்டும். அங்கே துறைத்தலைவர் நாற்காலியில் பிரமிளா உட்கார்ந்திருப்பாள். இருப்பார். இருப்பாள்தான், யார் கேட்கப் போகிறார்கள் என் மண்டைக்குள்? என்னிடம் மூன்று வருடம் பாடம் படித்தவள். அவள் தோளில் இதைப் போர்த்திச் சிரிக்க வேண்டும், கும்பிட வேண்டும், அதை ஒருவர் போனில் படம் எடுப்பார். அதற்கப்புறம் அவள், ஜூன் மாதம் எங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போடுவாள். போர்த்தினால்தான் போடுவேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்குமே, லஞ்சம் என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டாவது கொடுத்திருப்பேன். இதற்குப் பெயர் நன்றி தெரிவித்தலாம். வருடா வருடம் கடைசிப் பரீட்சை நாளில் கௌரவ விரிவுரையாளர்கள் எல்லோரும் சேர்ந்து துறைத்தலைவருக்கு நன்றி தெரிவிக்கிறோமாம். கௌரவ விரிவுரையாளர்! யார் கண்டுபிடித்த பெயரோ. நிரந்தர வேலை இல்லை, மே மாதம் சம்பளம் இல்லை, ஜூனில் வேலை உண்டா என்பதும் தெரியாது, அதனால் இந்தா பிடி கௌரவம் என்று பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

“அடிஷனல் ஷீட் சார்.” அதற்குள்ளா? இரண்டாவது வரிசைப் பையன், கை நீண்டு நிற்கிறது. கொடுக்கிறேன். தாளைக் கட்ட ஒரு துண்டு நூலும் கொடுக்கிறேன். என்னதான் எழுதுகிறானோ, எழுதட்டும், நானும் இப்படித்தான் பக்கம் பக்கமாக எழுதினேன், எம்.ஏ., எம்.பில்., பிஎச்.டி., எல்லாவற்றையும் நூல் போட்டுக் கட்டி எங்கே கொண்டு போய் வைத்தார்கள்? பொன்னாடையை வாங்கி வந்தது பூங்கோதைதான். என் மனைவிக்கு இந்த மாதிரி விஷயங்களில் என்னைவிடப் புத்தி அதிகம். நேற்று சாயங்காலம் பிரித்துக்கூடக் காட்டாமல் பைக்குள் வைத்தாள். “போர்த்தறப்போ மூஞ்சிய உர்ருனு வெச்சுக்காதீங்க. எத்தனை பேரு டாக்டரேட் வாங்கிட்டு டெலிவரி வண்டி ஓட்டிட்டு இருக்காங்க. உங்களுக்கு இதாவது இருக்கு. கொஞ்சம் நன்றியோட பாருங்க” என்றாள். இதாவது. அந்த ‘ஆவது’வைக் கேட்டால் எனக்கு உச்சந்தலையில் சூடேறுகிறது. இதாவது இருக்கு, இவ்வளவாவது குடுக்கறாங்க, இங்கேயாவது எடுத்துக்கிட்டாங்க. அவள் அண்ணன் குணசீலன், ஓசூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், பொங்கலுக்கு வந்தவர் கரும்பைக் கடித்துக்கொண்டே, “மாப்ள, வேலைய மனைவி மாதிரி பாக்கணும். குறை சொல்லிட்டே இருந்தா குடும்பம் நடக்குமா?” என்றார். பூங்கோதை சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? எதற்கெடுத்தாலும் சிரித்துவிடுகிறது இந்த வாய். போன மாதம் கல்லூரியில் மனவளப் பயிற்சி என்று ஒரு கோட்டு சூட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். நிரந்தரப் பேராசிரியர்கள் முன்னால் மெத்தை நாற்காலியில், நாங்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில். “எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க வேலை உங்க எதிர்ல நிக்குது. அதைக் கட்டிப்பிடிங்க. நீ எனக்குச் சோறு போடறே, உனக்கு நன்றின்னு மனசார சொல்லுங்க” என்றார். கண்ணை மூடினேன். என் எதிரே யாரும் வந்து நிற்கவில்லை. வருகிற வேலையாக இருந்தால் இத்தனை வருடத்தில் வந்திருக்காதா? பக்கத்தில் இருசப்பன் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனும் என்னைப் போலத்தான், துறையில் எனக்கு அடுத்து வந்தவன். இந்தப் பொன்னாடை ஏற்பாடெல்லாம் அவன்தான். “எல்லாரும் போர்த்தறோம் சார். நீங்க மட்டும் விட்டா தனியாத் தெரியும்” என்று முந்தாநாள் என் தோளில் கை வைத்துச் சொன்னான். அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல், எல்லோரும் என்னிடம் அக்கறையாகவே பேசுகிறார்கள்.

“சார்.” ஜன்னலோர பெஞ்ச், வெளிர்மஞ்சள் சுடிதார் போட்ட பெண். அடிஷனல் ஷீட்டா? இல்லை. எழுந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல், “சார், பாத்ரூம் போகணும்” என்கிறாள். பெண் பிள்ளைகள் நடுவில் வெளியே போனால் துணைக்கு ஒரு பெண் போக வேண்டும், விதி. வாசலுக்குப் போய் அட்டெண்டர் கன்னியப்பனைக் கூப்பிடுகிறேன். “அஞ்சலை இல்ல சார். மத்தியானம் உங்க டிபார்ட்மெண்ட் பங்ஷனுக்கு டீயும் மிக்சரும் வாங்கப் போயிருக்கு. வந்ததும் அனுப்பறேன்” என்கிறார். அவளிடம் திரும்பி வந்து, “கொஞ்சம் பொறும்மா, ஆள் வரட்டும்” என்கிறேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருகிறாள். டீயும் மிக்சரும்! நன்றி சொன்னால் வாய் காய்ந்து போகும் அல்லவா. நடக்கிறேன். கரும்பலகை, கடைசி பெஞ்ச். பிரமிளா முதல் நாள் நிரந்தரப் பேராசிரியராக இந்தக் கல்லூரிக்குள் வந்தபோது நான் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தாள். என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன. நான் எழுந்திருக்கவில்லை, கால்கள் எழுந்தன. கையில் டீ தளும்பி விரலைச் சுட்டது. அவள் பதறிப்போய், “ஐயோ சார், நீங்க போய்…” என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். நீங்க போய் எழுந்திரிக்கலாமா என்று முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. அறையில் மற்றவர்கள் இருந்தார்கள், அவளும் புதிது, சரி. ஆனால் அன்றிலிருந்து அவள் வரும்போதெல்லாம் இந்தக் கால்கள் எழுந்துகொண்டே இருக்கின்றன, இப்போதெல்லாம் அவள் பதறுவதும் இல்லை. பழைய துறைத்தலைவர் ஓய்வு பெற்றதும் துறையில் நிரந்தரமாக இருந்தது அவள் ஒருத்திதான், நாற்காலி அவளுக்கு வந்தது. அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி பகலாகப் படித்தாள், நிரந்தர வேலைக்கான தேர்வு எழுதினாள், வாங்கினாள். நான் எழுதக் காத்திருந்த வருடங்களில் அந்தத் தேர்வையே அவர்கள் வைக்கவில்லை. வைத்தபோது எனக்கு வீட்டில் குழந்தை, காலையில் இந்தக் கல்லூரி, மாலையில் டியூஷன், மூளையில் மிச்சம் ஒன்றுமில்லை. மூன்று மார்க்கில் போயிற்று. குற்றம் சொல்ல ஆள் கிடைத்திருந்தால் கோபத்துக்கு ஒரு திசையாவது இருந்திருக்கும். பொன்னாடைப் பேச்சை இருசப்பன் எடுத்தபோது அவள், “இதெல்லாம் எதுக்கு சார்” என்று சிரித்தாள். எதுக்கு என்று கேட்டாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை.

பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்துவிட்டார்கள். கட்டடமே ஒரு குலுக்கு குலுங்கி, ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்து அடங்குகிறது. யாரும் தலை தூக்கவில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. பிரமிளா படித்த காலத்திலும் இதே வெடிதான். இரண்டாம் வருடம், இதே கட்டடத்தின் கீழ்த்தளம், நான் வேலையின்மையின் வகைகளை நடத்திக்கொண்டிருந்தேன். மறைமுக வேலையின்மை: ஒரு ஏக்கர் நிலத்தில் இரண்டு பேர் செய்யக்கூடிய வேலையை வீட்டில் இருக்கிற ஐந்து பேரும் சேர்ந்து செய்கிறார்கள், எல்லோரும் வேலை செய்வது போலத்தான் தெரியும். வெடிச் சத்தம் அடங்கியதும் பிரமிளாவின் மெல்லிய குரல் கேட்டது. “சார், காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் குனிஞ்சு களை எடுக்கறாங்க சார் எங்கம்மா. அவங்களைப் போய் ஏன் சார் வேலை இல்லாதவங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மணி அடித்த பிறகும் பேசினோம், பின் பெஞ்சில் தூங்குகிற பையன்கூட, “அப்போ எங்கப்பா கடையில நான் உக்கார்றது?” என்று கேட்டான். அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. யாருக்கு என்று தெரியாமல் மனசு நன்றி சொல்லிக்கொண்டே வந்தது. டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரிடமே ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டேன், அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு நன்றி தெரியாது என்று யார் சொன்னது? கண்ணை மூடச் சொல்லி யாரும் அதை எனக்குள் வரவழைக்கவில்லை. அது தானாக வந்தது, அதற்கு எந்தத் துறைத்தலைவரும் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கோட்டு சூட்டுக்காரர்களுக்கு அதைச் சொன்னால் அதையும் பிடித்து ஒரு பயிற்சியாக்கிவிடுவார்கள். ஆனால் பயமும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஜூனில் என்னை எடுக்காவிட்டால்? அந்தக் கேள்வி கேட்கிற குரல்கள் எல்லாம் வேறு யாருக்கோ கேட்கும். குணசீலன் தன் கடையில் கல்லாவில் உட்காரச் சொல்லுவார், மாப்ள மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிடுவார், நான் மார்பிள் மாதிரியைத் துடைத்துக் காட்டுவேன். அது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் அதற்கும் நன்றியோடு இருக்கச் சொல்வார்கள்.

“அடிஷனல் ஷீட் சார்.” “சார், நூலு.” “சார், டைம் எவ்ளோ சார்?” கொடுக்கிறேன், சொல்கிறேன், நடக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஜன்னலோரப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். என்ன? எழுதும்மா. நேரம் போகிறது. ஏதோ ஒன்று எனக்குள் தட்டுகிறது, என்னவென்று பார்ப்பதற்குள் மே மாதம் வந்து குறுக்கே நிற்கிறது. போன வருடம் மே மாதம் என் பெண் தமிழ்க்கொடி கேட்டாள், “அப்பா, லீவு விட்டுட்டா நீ சார் இல்லையா?” சார்தான் என்றேன். “அப்போ ஏன் அம்மா மே மாசம் உனக்கு வேலை இல்லைன்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட சொல்லுது?” ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன சொல்வது? எல்லோருக்கும் காலண்டரில் வருகிற மாதம் அப்பாவுக்கு மட்டும் வராது கண்ணு என்றா? ஏப்ரல் முடிந்ததும் என்னைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள், ஜூனில் மாட்டுகிறார்கள், நடுவில் நான் யார் என்று எனக்கே தெரியாமல் பனியனோடு வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன், இதோ இப்போது நடக்கிற மாதிரியே. பதினோரு வருடம். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர், “கொஞ்சம் பொறுங்க சார், இந்த வருஷம் ஆர்டர் வந்துரும்” என்பார். பழைய துறைத்தலைவர் சொன்னார், கல்லூரி முதல்வர் சொன்னார், சங்கத்துக்காரர் சொன்னார். கொஞ்சம் பொறுங்க. பொறுப்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. பழைய துறைத்தலைவருக்கு நான் போர்த்திய பொன்னாடைகளை எல்லாம் சேர்த்தால் இந்த அறைக்குப் பந்தல் போடலாம். போர்த்தும்போது ஒருமுறை அவர் தலை நிமிராமல் போனில் பேசிக்கொண்டே தோளை மட்டும் கொடுத்தார், ஊசி போட நர்சுக்குக் கையைக் கொடுப்பது போல. அன்றைக்கும் சிரித்தேன். படத்தில் இருக்கிறது, என் பல்லெல்லாம் தெரிகிறது. வீட்டில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போலிருக்கும். இன்றைக்குச் சிரிக்கக் கூடாது. போர்த்துவேன், சிரிக்க மாட்டேன். அது ஒரு எதிர்ப்பா? தூ. இதைப் போய் எதிர்ப்பு என்று எண்ணிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேனா நான்?

கன்னியப்பன் தண்டவாளத் துண்டை அடிக்கிறார். முடிந்தது. பேனாவைக் கீழே வைங்க, எழுதினது போதும், நம்பர் சரி பாருங்க, தாளைக் கட்டியிருக்கா பாருங்க. வரிசை வரிசையாக வாங்கிக்கொண்டே வருகிறேன், சத்தம் எழும்புகிறது, பெஞ்சு இழுபடுகிறது, பசங்கள் வெளியே பாய்கிறார்கள். ஜன்னலோரம் வருகிறேன். அவள் தாளை நீட்டுகிறாள். எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெண் கூப்பிட்டதற்கு, “நீ போடீ, வரேன்” என்கிறாள், குரல் கரகரக்கிறது. அறை காலியாகிறது. நான் தாள்களை அடுக்கிக்கொண்டே, “என்னம்மா, கிளம்பலையா?” என்று கேட்ட பிறகுதான் எனக்குள் தட்டியது எதுவென்று தெரிகிறது. கொஞ்சம் பொறும்மா. நான் சொன்னேன். நான்தான். அஞ்சலை வரவே இல்லை. பக்கத்து அறையில் பெண் கண்காணிப்பாளர் இருந்தார், ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார். நான் என் காலையும் என் பல்லையும் என் மே மாதத்தையும் நினைத்துக்கொண்டு அவள் பெஞ்சைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன், அவள் பார்த்தபோதும் எழுதும்மா என்று நினைத்திருக்கிறேன். அவள் துப்பட்டாவைச் சுருட்டி மடியில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். மெல்லிய வலைத்துணி, எதையும் மறைக்காது. மஞ்சள் துணியின் ஓரத்தில் பெஞ்சை ஒட்டிச் சிவப்பாகக் கறை தெரிகிறது. தண்ணீர் நிற்கும் கண்ணோடு என்னைப் பார்க்கிறாள். அழுகை இல்லை அது. கோபம். சுத்தமான கோபம், என் மேல். வெளியே வராந்தா முழுக்கப் பையன்கள். ‘ஸாரிம்மா’ என்று வாய் வரைக்கும் வந்தது, அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மேஜைக்குப் போனேன். பையைத் திறந்தேன். கண்ணாடித்தாளைப் பல்லால் கடித்துக் கிழித்தேன், பொன்னாடை சரசரவென்று விரிந்தது. நல்ல அகலம், நல்ல கனம், பூங்கோதை மட்டமான துணி வாங்க மாட்டாள். அவள் பெஞ்ச் மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டேன், “எல்லாரும் கீழ போங்கப்பா, இங்க என்ன கூட்டம்?” என்று வராந்தாவைப் பார்த்துக் கத்தினேன். பின்னால் பெஞ்ச் நகர்ந்தது. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, சரிகை முழங்காலில் இடிக்க, என்னைத் தாண்டிப் போனாள். தேங்க்ஸ் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கணம் எனக்கு என்னவோ நெஞ்சடைப்பு நீங்கின மாதிரி இருந்தது. சொல்லாதே அம்மா. எதற்குச் சொல்ல வேண்டும்? காலையிலேயே கிடைத்திருக்க வேண்டியது உனக்கு.

தாள்கட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்குகிறேன். பை லேசாக இருக்கிறது. படியிலேயே மிக்சர் வாசனை. துறைக்குள் எல்லோரும் இருக்கிறார்கள். பிரமிளா நடு நாற்காலியில், தோளில் பச்சைப் பொன்னாடை, மடியில் மடித்து மடித்து நாலைந்து. முன்னால் மேஜையில் எங்கள் பெயர்கள் உள்ள தாள், திறந்த பேனா. “வாங்க சார், உங்களுக்குத்தான் வெயிட்டிங்” என்று இருசப்பன் போனைத் தூக்கிப் பிடிக்கிறான். எல்லோர் கண்ணும் என் கைக்குப் போகிறது. கை வெறுங்கை. “கொண்டு வந்தேன். ஒருத்தருக்குத் தேவைப்பட்டுது, குடுத்துட்டேன்” என்கிறேன். இருசப்பன் என் காதருகில் வந்து, “நினைச்சேன் சார், நீங்க இப்படி ஏதாவது பண்ணுவீங்கன்னு. எக்ஸ்ட்ரா ஒண்ணு வெச்சிருக்கேன், பிடிங்க” என்று நீலத்தில் ஒன்றைக் கையில் திணிக்கிறான். எவ்வளவு அக்கறை! துணியின் மொடமொடப்பு விரலில் படுகிறது. வாங்கிப் போர்த்திவிட்டால் அரை நிமிட வேலை. பூங்கோதை தெரிகிறாள், தமிழ்க்கொடி தெரிகிறாள், டைல்ஸ் கடை தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. “வேண்டாம் இருசப்பன்” என்று அதை மேஜை மேல் வைத்துவிடுகிறேன். “மேடம், கையெழுத்துப் போடறதா இருந்தா நான் பாடம் நடத்தினதுக்காகப் போடுங்க. நல்லா நடத்தலைன்னா போடாதீங்க. அது உங்களுக்குத் தெரியும், எங்கிட்ட படிச்சிருக்கீங்க. நன்றி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. பதினோரு வருஷமா நான் வேலை செஞ்சிருக்கேன்.” யாரோ மிக்சரை மெல்லுவதை நிறுத்துகிறார்கள். பிரமிளா என்னைப் பார்க்கிறாள். முகம் சிவந்திருக்கிறது, கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவள் எழுந்து நின்றாள். வகுப்புக்குள் நான் நுழையும்போது நிற்பாளே, அப்படி, கையைப் பக்கவாட்டில் தொங்கப் போட்டுக்கொண்டு. அவள் நின்றாளா, கால்கள் நின்றனவா, அவளுக்கே தெரிந்திருக்காது. உட்காரும்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். மடியிலிருந்த பொன்னாடைகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து தரையில் விழுந்தன. ஐயையோ என்று இருசப்பன் குனிந்தான், மற்றவர்களும் குனிந்தார்கள், பிரமிளாகூடக் குனியப் போனாள். நான் குனியவில்லை.